பெட்டி தீரும்வரை வளர்ந்த முடி

நாலாம் வகுப்பு போகும்வரை எனக்குக் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆலங்குடியைச் சுற்றிய ஊர்களில் பிள்ளைக்குப் பல் முளைக்கிறதோ இல்லையோ, காதில் ஓட்டை விழுந்துவிடும். என் காது மட்டும் பிறந்த மேனிக்கு இருந்ததற்குக் காரணம் என் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவரோ சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலையில் இருந்தார். ஒன்றுவிட்ட மாமன்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவர் மடியில் காரியத்தை முடித்திருக்கலாம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எந்தம்பி மடி இருக்கையில அடுத்தவன் மடி எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டே வருஷங்களை ஓட்டினாள். பள்ளிக்கூடத்தில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. மூளிக்காது என்றுதான் கூப்பிட்டார்கள். உலகத்தில் ஜிமிக்கியைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்படாத பிள்ளையாக நான் வளர்ந்துகொண்டிருந்தேன்.

ஒருவழியாக மாமா வந்தார். திருச்சி விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கியபோது தெருவே எங்கள் வாசலில் நின்றது. அப்பாவும் பெரியப்பாவும் வெள்ளை வேட்டியோடு முன்னால் நின்றார்கள். முதலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இறங்கியது. அடுத்து ஒரு மரப்பெட்டி. அதற்கப்புறம் இறங்கியவரைப் பார்த்து, மாமா கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டாரா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டேவிட்டார். முடி அப்படி. தோளைத் தாண்டி முதுகில் பாதிக்கு வந்திருந்தது. எண்ணெய் காட்டாத, வாரிப் பின்னாத, பளபளவென்ற முடி. எனக்கு இருந்ததைவிட நல்ல முடி.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இந்தத் தலையோட என் வாசப்படி ஏற வேணாம். மொதல்ல சலூனுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துச் சலூன்காரருக்கே போன் போடப் போனார். மாமா இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் ஒதுங்கியது எனக்கு இப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கப்பலையே பற்றவைக்கிற மனிதர், தலைக்கு வந்ததும் பதறிப்போனார்.

அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து நடுவில் நின்றாள்.

"அது பாப்பா காதுகுத்துக்கு வேண்டிக்கிட்டு வளக்குற முடி. வெட்டச் சொல்றவுக அதோட பாவத்தையும் சேத்து வாங்கிக்கங்க."

வேண்டுதல் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் எங்கள் ஊரில் மேற்கொண்டு கேள்வி கிடையாது. எந்தச் சாமிக்கு, எத்தனை நாளைக்கு என்று விசாரிக்கலாமே தவிர, எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெரியப்பா போனைப் பைக்குள் போட்டார். அப்பா ஒதுங்கி வழிவிட்டார். பக்கத்து வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டத்திலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றவர் மாமா ஒருவர்தான். தன் வேண்டுதலைப் பற்றி அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும். நல்லவேளையாக எல்லோரும் முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டைப்பெட்டியில் தைலமும் கம்பளியும் சாக்லேட்டும் வந்தன. மரப்பெட்டியில் டிவி இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். திறந்தால், வரிசையாக அடுக்கிய இசைத்தட்டுகளும் அதைச் சுழற்றுகிற ஒரு கருவியும். பெரியப்பா ஒரு தட்டை உருவினார். அட்டையில் மண்டை ஓடு, அதைச் சுற்றித் தீ, தீக்கு நடுவில் கொம்பு வைத்த ஆடு.

"என்ன மாப்ள, சுடுகாடா இருக்கு?"

"பாட்டுங்க பெரிய மச்சான்."

"யாரு செத்ததுக்கு?"

அது பங்க், மெட்டல் என்று சொல்லப்படுகிற இசை. இதெல்லாம் எனக்கு அப்புறமாகத் தெரிந்தது. மாமா அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய சாமான் விற்கிற சந்தைக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அதில் ஒன்றைக்கூட அவர் கேட்டதே இல்லை. கூடவே வேலை பார்த்த ஒரு மலாய்க்காரர் ஒருமுறை கச்சேரிக்குக் கூட்டிப்போனதில் பிடித்த பித்து. தங்கியிருந்த அறையில் அடுக்குக் கட்டிலில் ஆட்கள். பாட்டுக் கருவி வைக்க இடம் ஏது, சத்தம் போட வழி ஏது? அட்டையைப் பார்த்தும், பேரைப் பார்த்தும், கடைக்காரர் சொன்னதை நம்பியும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போய் ஒருநாள் கேட்போம் என்று வருஷக்கணக்காகச் சேர்த்த பாட்டு அது.

அப்பா மறுநாளே பஞ்சாங்கத்தை எடுத்தார். "மாப்ளதான் வந்தாச்சே, அடுத்த முகூர்த்தத்துல காதைக் குத்தி, முடியையும் எறக்கிருவோம்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"வேண்டுதல்ல இன்னொன்னும் இருக்குங்க மச்சான். அந்தப் பெட்டில உள்ளதெல்லாம் ஒரு தடவ மொதல்லருந்து கடைசி வரைக்கும் கேட்டு முடிக்கணும். அப்பறந்தான் முடி எறக்கணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "ஆமா, போன்லயே சொன்னான்" என்றாள். கரண்டி கொஞ்சமும் ஆடவில்லை.

"பாதியில கரண்டு போனா?" என்று பெரியப்பா கேட்டார். அவருக்கு எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கிற புத்தி.

மாமா யோசித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "பாதியில நின்னா கணக்கில சேராது. திரும்ப மொதல்லருந்து கேக்கணும்" என்றார்.

தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. ஊரே கரண்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அதை நம்பிப் பிழைத்த ஒரே ஆள் என் மாமாதான்.

வீட்டுக்குள் ஒரே ஒரு தட்டுதான் ஓடியது. அதுவும் முதல் பாட்டு முடிவதற்குள் அப்பா எழுந்து வந்து, இந்தச் சத்தத்தில் மாடு கறக்காது என்று சொல்லிவிட்டார். கருவியும் பெட்டியும் தென்னந்தோப்பில் இருந்த மோட்டார் ரூமுக்குப் போயின. சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு வந்திருந்த மாமா, ஆலங்குடியில் ஒரு கிரில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு நேரே மோட்டார் ரூமுக்குப் போவார். நான் பள்ளிக்கூடப் பையைக் கடாசிவிட்டு அவருக்கு முன்னால் அங்கே நிற்பேன். பெட்டி எவ்வளவு சீக்கிரம் தீருமோ அவ்வளவு சீக்கிரம் ஜிமிக்கி. அந்தக் கணக்கில்தான் முதலில் போனேன்.

பழைய வேட்டித் துணியால் தட்டைத் துடைப்பது என் வேலை. அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வதும் நான்தான். மாமா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார், மூக்கருகே வைத்து முகர்ந்துகூடப் பார்ப்பார். பிறகு முள்ளை இறக்கிவிட்டு, தலையில் கட்டியிருந்த ரப்பர் பேண்டை அவிழ்ப்பார். வெளியே எப்போதும் கொண்டை போட்டிருந்த அந்த முடி மோட்டார் ரூமில் மட்டும்தான் இறங்கும். பாட்டு பிடித்துக்கொண்டதும் தலை முன்னும் பின்னும் போகும், முடி கூடவே போகும். வேலையில் கைகாலெல்லாம் தீப்பொறித் தழும்போடு, அக்கா வீட்டில் மச்சானுக்குப் பயந்து தணிந்து பேசுகிற மனிதர், அந்த நேரத்தில் யாருக்கும் பயப்படாத ஆளாக இருப்பார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாங்கள் பாட்டுகளை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று, ஓடுகிற பாட்டு. சாக்கில் உட்கார்ந்து காலை நீட்டுவதற்குள் முடிந்துபோகும். யாரோ துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டே கத்துவார்கள். இன்னொன்று, இடிக்கிற பாட்டு. அது லேசில் முடியாது. சிலது ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பங்க் என்றும் மெட்டல் என்றும் மற்றவர்கள் சொல்வதைவிட எங்கள் பெயர்கள்தான் பொருத்தம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

"இவரு என்ன மாமா சொல்றாரு?"

"வீட்டுக்காரன் வெளிய போகச் சொல்லிட்டானாம்."

"அதுக்கு எதுக்கு இப்புடிக் கத்துறாரு?"

"மெதுவாச் சொன்னா யாரு பாப்பா கேக்குறா?"

மாமாவுக்கு இங்கிலீஷ் எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் ஒரு கதை வைத்திருந்தார். வேலை போனவன், முதலாளியைத் திட்டுகிறவன், போருக்குப் போகமாட்டேன் என்கிறவன், ஒன்றுமே இல்லாமல் சும்மா கோபமாக இருக்கிறவன். பக்கம் முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "கத்துறவரு நல்லாக் கத்துறாரு மாமா. மேளக்காரருதான் தூங்கிட்டாரு" என்பேன். அவர் சிரிக்கமாட்டார். யோசித்துவிட்டு, "சரியாச் சொன்ன" என்பார், இல்லாவிட்டால், "இன்னொருக்கா கேளு, அந்தாளு தூங்கல, காத்துக்கிட்டு இருக்காரு" என்பார். அந்த வயதில் நான் சொன்னதை அவ்வளவு மரியாதையாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

கேட்காமல் வாங்கியதில் ஏமாந்ததும் உண்டு. வௌவாலும் கல்லறையுமாக ஒரு அட்டை. அதை ரொம்ப நாளாகக் கேட்கத் துடித்திருக்கிறார். முள்ளை வைத்தால் ஒரு சீனப் பெண்மணி கொஞ்சிக் கொஞ்சிக் காதல் பாட்டுப் பாடுகிறார். யாரோ அட்டையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேண்டுதல் வேண்டுதல்தான் என்று கடைசி வரை கேட்டார். ஆனால் மற்றதெல்லாம் பொறுக்கி எடுத்தவை. இப்போது அந்தப் பெட்டி திருச்சியில் என் வீட்டில்தான் இருக்கிறது. எனக்கு வேலை கிடைத்ததும் மாமா கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக மறுபடி கேட்டுக்கொண்டு வருகிறேன். ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல், அட்டையையும் கடைக்காரர் முகத்தையும் பார்த்தே இவ்வளவு நல்லதைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதரால் எப்படி முடிந்தது என்று ஒவ்வொரு வாரமும் ஆச்சரியப்படுகிறேன்.

வேண்டுதலால் மாமாவுக்கு வெளியே நல்ல மரியாதை கிடைத்தது. புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர், "சாமி, முன்னாடி வாங்க" என்று உட்கார இடம் பிடித்துத் தருவார். அதற்கு விலை நாக்கில் போனது. பிரியாணிக் கடைக்காரர், "விரதத்துல இருக்கீங்க, பாவத்த எங்கையால வாங்கிக்கட்டிக்கச் சொல்றீங்களா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் வண்டி வருகிற நாளில், அப்பா பக்கத்தில் இருந்ததால், அம்மா தம்பிக்கு மட்டும் தனியாகக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். நான் டிபன் பாக்ஸில் சோற்றுக்கு அடியில் வறுத்த மீனை ஒளித்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோவேன். மாமா கதவைச் சாத்திவிட்டு, இடிக்கிற பாட்டை வைத்துவிட்டுச் சாப்பிடுவார்.

அப்படி ஒருநாள் கேட்டேன். "முடிய எடுத்துட்டாலும் பாட்டுக் கேக்கலாம்ல மாமா?"

"கேக்கலாம்." முள்ளை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நம்ம ஊர்ல ஒரு ஆளப் பாத்தா என்ன கேப்பாக? எந்த ஊரு, யாரு மகன், எந்த ஆளுகன்னு கேப்பாக. அங்க முடி வளந்தப்பறம் போன கச்சேரியில அத ஒருத்தனும் கேக்கலை பாப்பா. இந்த முடியப் பாத்தான், தோள்ல கையப் போட்டான். அம்புட்டுத்தான்."

எனக்கு அது பாதிதான் புரிந்தது. ஆனால் அன்றிலிருந்து நான் கட்சி மாறிவிட்டேன். பெட்டி தீரக்கூடாது. இடிக்கிற பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொடுப்பேன். இழுக்க இழுக்க நல்லது. கரண்ட் போகிற நேரத்தை ஊரில் என்னைவிடத் துல்லியமாகத் தெரிந்தவர் இல்லை. அதற்குச் சற்று முன்னால் புதுத் தட்டை வைக்கச் சொல்லுவேன். பாதியில் அறை இருண்டு பாட்டு இழுத்துக்கொண்டு நிற்கும்போது நாங்கள் இரண்டு பேரும் கைதட்டுவோம். "பெட்டி கொறையவே மாட்டேங்குதே" என்று அப்பா சலித்துக்கொள்வார். அம்மா, "கரண்டுக்காரனக் கேளுங்க" என்பாள்.

ஆனாலும் பெட்டி குறைந்தது. அடியில் சில தட்டுகளே இருந்தபோது ஒரு அட்டை வந்தது. முள் முள்ளாக முடியை நிறுத்திய ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். காதில் ஊக்கு. சட்டைக்குக் குத்துகிற அதே ஊக்கு.

"இவருக்குத் தாய்மாமன் இல்லையா மாமா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இல்ல போலருக்கு. அதான் தானே குத்திக்கிட்டாரு."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். காதுகுத்து நடந்தால்தானே முடி இறக்க வேண்டும்? காது ஏற்கெனவே குத்தியாகிவிட்டால் காதுகுத்து எதற்கு? இவ்வளவு சுலபமான வழி பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் பரிதாபமாக இருந்தது. அம்மா குளிக்கும்போது கழற்றிவைத்த வளையலில் எப்போதும் ஊக்குகள் தொங்கும். நீளமானதாக ஒன்றை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அட்டையில் இருந்தவரைப் போலவே முறைத்துக்கொண்டு குத்தினேன். பாதிக் காதுக்குமேல் ஊக்கும் போகவில்லை, என் தைரியமும் போகவில்லை. நான் போட்ட சத்தத்துக்கு அப்பாவும் பெரியப்பாவும் ஓடி வந்தார்கள்.

மறுநாள் காது பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. ஆலங்குடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். ஏன் செய்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னால் மாமாவின் வேண்டுதல் கதை வெளியே வந்துவிடும் என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டதால் பெரியப்பா தானாக ஒரு காரணம் சொன்னார். வாசலில் நாலு பேர் இருக்கும்போது உரக்கவே சொன்னார்.

"புள்ள ஆசைப்பட்டுத் தானே குத்திக்கிற அளவுக்கு விட்டாச்சு. சீர் செய்ய வக்கில்லாத மாமன், வேண்டுதலாம், பெட்டியாம். அவன் அக்காளும் சேந்துக்கிட்டு நம்மள ஏமாத்துறா."

அம்மா என் நெற்றியில் ஈரத்துணியை வைத்தாள். அதைப் பிழிய மறந்திருந்தாள். மாமா அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "பாப்பாக்கு வீக்கம் வத்துனதும் வர்ற மொத முகூர்த்தத்துல வச்சுக்குவோம் மச்சான். சீரு குறையில்லாம வரும். பெட்டி அதுக்குள்ள தீந்துரும்" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போனார்.

அடுத்த நாட்களில் பார்த்து கரண்ட் போகவே இல்லை. டிரான்ஸ்பார்மரைப் பார்த்து நான் கும்பிட்டதெல்லாம் வீண். கடைசித் தட்டைக் கேட்டபோது அம்மா வழக்கம்போலக் காபி கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அது நல்ல தட்டு, பெட்டியிலேயே ஆகச்சிறந்த தட்டு. மாமா முடியை அவிழ்க்காமல் கேட்டார். பாட்டு முடிந்தும் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் முள்ளை எடுக்கவில்லை. "அவ்வளவுதானாடா?" என்று அம்மா கேட்டாள். "அவ்வளவுதான்க்கா" என்றார் மாமா.

கண்மாய்க்கரையில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து. மாமா சொன்னபடி சீர் வந்தது. தாம்பாளம் தாம்பாளமாகப் பழம், பட்டுப்பாவாடை, ஒரு சின்ன டப்பாவில் ஜிமிக்கி. உறுமி மேளம் முன்னால் வர, பெரியப்பா தாம்பாளங்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். முதலில் மாமா முடி இறக்க வேண்டும், பிறகு நான் அவர் மடியில் உட்கார வேண்டும்.

மாமா பலகையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். முடி இறக்குகிற அண்ணன் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் கத்தியில் புது பிளேடு போட்டார். அந்த நேரம் பார்த்து உறுமிக்காரர் வேகம் பிடித்தார். மாமாவின் தலை லேசாக அசைந்தது. "ஆட்டாதீங்க தம்பி, கத்தி பட்டுரும்" என்றார் அந்த அண்ணன். அது நிற்கவில்லை. உறுமி இன்னும் வேகம் எடுத்தது. மாமா எழுந்துவிட்டார். காலை அகட்டி நின்றுகொண்டு, கண்ணை மூடி, முன்னும் பின்னும் தலையை வீச, ஈரமுடி சுழன்று எல்லோர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. அது என்ன என்று அந்தக் கூட்டத்தில் எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். மோட்டார் ரூமில் இடிக்கிற பாட்டுக்கு அவர் ஆடுவது அப்படித்தான். அந்த முடிக்கு அதுதான் கடைசி ஆட்டம், முழுசாக ஆடித் தீர்த்தார்.

பெண்கள் குலவை போட்டார்கள். "சாமி வந்துருச்சு, சாமி வந்துருச்சு" என்று கூட்டம் பின்வாங்கியது. நான் அப்பாவின் வேட்டியை இழுத்து, "சாமி இல்லப்பா, பாட்டு" என்று சொல்லப் பார்த்தேன். அவர் என் வாயைப் பொத்திவிட்டுத் தானும் கும்பிட்டார். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாமாவின் முன்னால் போய், "தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சுக்க சாமி" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். உறுமியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். சாமி வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பது எங்கள் வழக்கம், அம்மா கேட்டாள். தன் தம்பியைப் பார்த்து, கும்பிட்ட கையோடு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"எம்புள்ளைக்காக வேண்டுன முடி சாமி. ஒனக்கு வேணுமா? இல்ல, எந்தம்பிக்கே விட்டுடுறியா? நீ சொல்றதுதான். நீ வேணாம்னா ஒருத்தரும் அதத் தொடமாட்டாக."

எவ்வளவு கெட்டிக்காரி என் அம்மா. வேண்டாம் என்று ஒரு சொல் போதும். சாமியே சொன்னபிறகு அப்பாவோ பெரியப்பாவோ என்ன செய்ய முடியும்? ஆயுசுக்கும் அந்த முடி மாமாவுடையதாகிவிடும். மாமாவுக்கும் அது புரிந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தை மூடிய முடிக்குள்ளிருந்து அக்காவைப் பார்த்தார். பிறகு வீங்கி வற்றிய காதோடு பட்டுப்பாவாடையில் நின்ற என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லுங்க மாமா என்று நான் தலையை ஆட்டினேன்.

"வேணும்" என்றார் மாமா.

சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அம்மா விழுகிற முடியை முந்தானையில் ஏந்தியபடி அழுதாள். பக்தியில் அழுகிறாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுக்கும்போது நான் மாமாவின் காதில், "நீங்கதானே சாமி. வேணாம்னு சொல்லிருக்கலாம்ல?" என்று கோபமாகக் கேட்டேன். அவர் என் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார், ஆடாமல் இருப்பதற்காக.

ஒரு பெண்பிள்ளைக்காக வேண்டிய முடியைச் சாமி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த ஊர் அதை மறந்திருக்காது. அந்தப் பிள்ளையிடம் என்ன குறையோ, அதன் நேர்ச்சையைச் சாமியே ஒதுக்கிவிட்டது என்று பேசியிருக்கும். பள்ளிக்கூடத்தில் பேசியிருக்கும், பெண் பார்க்க வருகிறவர்களிடம் பேசியிருக்கும். என்னைக் காதுக்காகக் கேலி செய்தவர்கள் அப்புறம் என்னைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். தம்பியின் முடியைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அம்மாவுக்கே அது தோன்றவில்லை. ஆடிய மூச்சு அடங்குவதற்குள் மாமாவுக்குத் தோன்றிவிட்டது. எனக்கு அது விளங்குவதற்கு நான் வளர்ந்து, அந்த ஊர்ப் பேச்சில் வேறு பெண்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா பயந்துபோய்த் தன் முடியைத் தானே கொடுத்துவிட்டார் என்பதுதான். சாயங்காலம் வரை நான் அவரோடு பேசவில்லை.